ரிங்கிட்டா, ரூபாயா?

முப்பத்தோரு வருடம் மலேசியாவின் அலோர் ஸ்டாரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தேன். என் மேசைக்கு வந்த காகிதங்களில் பாதி பயணப்படிக் கோரிக்கைகள். எந்த அதிகாரி எந்த ஊருக்குப் போனார், எத்தனை நாள் தங்கினார், ஓட்டல் ரசீது எங்கே, டாக்சிக் காசுக்கு ஆதாரம் எங்கே என்று பெரிய பெரிய ஆட்களையெல்லாம் மேசைக்கு முன்னால் நிற்க வைத்துக் கேள்வி கேட்டவன் நான். பயணச் செலவு விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்று ஓய்வு பெற்ற பிறகும் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை போன வருடம் திருச்சியில் ஒரு நகைக்கடைக் கல்லாவில் உடைந்தது. உடைந்ததில் எனக்கு வருத்தமில்லை. அன்றைக்கு என் பக்கத்தில் நின்றவள் என் தங்கை. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தங்கைக்கு ஐம்பத்திரண்டு வயது. எங்கள் வீட்டில் கடைசிப் பிள்ளை என்பதால் இன்றைக்கும் அவள் பாப்பாதான். செமிலிங்கில் குடியிருக்கிறாள். பக்கத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. ரப்பர் கையுறையில் தண்ணீரை நிரப்பித் தொங்கவிட்டு, எங்கேயாவது ஒரு சொட்டு கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கசிந்தால் சரக்கு திரும்பிப் போகும். லைன் சூப்பர்வைசர் வந்து கத்துவார், மேனேஜர் வந்து நைசாகப் பேசுவார். இவள் ரிஜெக்ட் சீட்டை ஒட்டிவிட்டு அடுத்த கையுறையை எடுத்துக்கொள்வாள்.

கணவர் தவறி ஆறு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சின்னப் பேரங்காடியின் கல்லாவிலும் உட்கார ஆரம்பித்தாள். படிப்பு மூன்றாம் பாரத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு நின்றது. வீட்டில் கஷ்டம் என்பது உண்மைதான். ஆனால் பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு அதற்கு மேல் படிப்பு என்று பேசிய கூட்டத்தில் நானும் இருந்தேன். அதை மறைத்துவிட்டு அவளைப் புகழ்ந்தால் அது யோக்கியமாக இருக்காது.

அவளுடைய ஒரே மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை பட்டர்வொர்த் பக்கம். நிச்சயத்தன்று சீர்வரிசைப் பட்டியலை எழுதிக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "தாய்மாமன் என்ன செய்யறாரு?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கென்னவோ அந்தச் சாதாரணமே பிடிக்கவில்லை. அப்பா இல்லாத பெண், இவன் என்ன செய்துவிடப் போகிறான் என்று கேட்டது மாதிரி இருந்தது. எழுந்து நின்றேன்.

"ரெண்டு பவுன்ல வளையல் ஜோடி. நான் போடறேன். எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள். தங்கை பின்னால் வந்து, "அண்ணே, ஒரு பவுன் போதும்லா" என்று காதோடு சொன்னாள். சொன்னது சொன்னதுதான் என்று அவளை முறைத்தேன். கோபத்தில் வாயைக் கொடுப்பது எனக்குப் பழக்கம். அதை நிறைவேற்ற ஓடுவதும் பழக்கம்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பட்டியலில் எழுதியது கல்யாணத்தன்று மேடையில் வரும். எடையைக் கையில் தூக்கிப் பார்ப்பவர்கள் இருப்பார்கள். குறைந்தால் தாய்மாமனை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அந்தப் பெண்ணைத்தான் கேட்பார்கள். உன் மாமன் சொன்னது ரெண்டு, போட்டது இவ்வளவு என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் அவள் காதில் விழும். என் வாய்ச்சவடாலுக்கு அவள் ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இது எனக்கு மறுநாள் காலையில்தான் உறைத்தது.

பட்டுப் புடவைகளையும் வளையலையும் திருச்சியில் எடுப்பது என்று முடிவானது. அங்கே டிசைன் அதிகம், கூலி குறைவு என்று ஊரெல்லாம் பேச்சு. நானும் தங்கையும் மட்டும் போனோம். ரொக்கம் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், எல்லாவற்றையும் என் கிரெடிட் கார்டில் போடுவோம், புடவைக் காசை நீ ஊருக்கு வந்த பிறகு மெதுவாகக் கொடு என்று நான்தான் சொன்னேன். கார்டின் வரம்பு இருபதாயிரம் ரிங்கிட். வேலையில் இருந்தபோது அதற்கு மேலேயே இருந்தது. ஓய்வு பெற்றதும் வங்கிக்காரன் மரியாதையைக் குறைத்துவிட்டான்.

இந்த இடத்தில் பெத்தோங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் பிறந்து வளர்ந்தது பாலிங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். எல்லையைத் தாண்டினால் தாய்லாந்தின் பெத்தோங். எங்கள் ஆட்களுக்கு முதல் வெளிநாடு அதுதான். அங்கே கடைகளில் ரிங்கிட் செல்லும். அவர்களுடைய பாட் நோட்டைக் கையால் தொடாமலே சோறு சாப்பிட்டு, சட்டை துணி வாங்கி, வீட்டுக்கு ஒரு பை நிறையப் பழத்தோடு திரும்பிவிடலாம். கடைக்காரர் கால்குலேட்டரில் ஒரு தொகையைத் தட்டி நம் பக்கம் திருப்பிக் காட்டுவார். அது எந்தக் கணக்கு என்று நாங்கள் கேட்டதே கிடையாது. அடுத்த நாட்டில் நம்ம காசு செல்லுது பாரு என்ற பெருமையிலேயே வயிறு நிறைந்துவிடும்.

அந்தப் பெருமை என் புத்தியில் ஊறிப்போயிருந்தது. திருச்சியில் இறங்கிய அன்று ஓட்டல் வரவேற்பில் கார்டைக் கொடுத்தேன். மிஷின் திரையில் இரண்டு தொகைகள் வந்தன. ஒன்று ரூபாயில், ஒன்று ரிங்கிட்டில். எதில் போடட்டும் என்று கேட்டார்கள். இவ்வளவு தூரம் வந்தும் ரிங்கிட் என்ற எழுத்தைப் பார்த்ததும் எனக்கு ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது.

"ரிங்கிட்லயே போடுங்க" என்றேன். தங்கையிடம் திரும்பி, "பாத்தியா? நம்ம காசுல போட்டா கணக்கு சுத்தமா இருக்கும். பின்னால ரேட்டு ஏறுச்சு எறங்குச்சுன்னு தகராறு கெடையாது" என்று விளக்கம் வேறு கொடுத்தேன். அவள் தலையாட்டினாள்.

மூன்றாம் நாள் காலையில் புடவைகளை எடுத்தோம். கூறைப்புடவை, சம்பந்தி வீட்டுக்கு, பெரியம்மா சின்னம்மா வகையறாவுக்கு என்று ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் ரூபாய். அங்கேயும் மிஷின் கேட்டது. அங்கேயும் ரிங்கிட் என்றேன். சரியாகப் பத்தாயிரம் ரிங்கிட் வந்தது. ரசீதில் கையெழுத்துப் போட்டுச் சட்டைப் பையில் வைத்தேன். என் வாழ்நாளில் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட காகிதங்கள் மிகக் குறைவு. அவற்றில் அது ஒன்று.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நகைக்கடைக்குப் போனோம். தங்கை தன் மகளுடைய பழைய வளையல் ஒன்றை அளவுக்காகக் கொண்டுவந்திருந்தாள். அந்த அளவில், மகள் போனில் பார்த்துப் பிடித்திருக்கிறது என்று சொன்ன மாங்காய் வேலைப்பாட்டில், ஒரு ஜோடி அமைந்தது. இரண்டு பவுன், கூலி, வரி எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து எண்பத்திரண்டாயிரம். நான் கார்டை நீட்டினேன். ரிங்கிட் என்றேன். கல்லாவில் இருந்த பெண் அமுக்கினாள். மிஷின் மறுத்துவிட்டது.

இன்னொரு முறை போடச் சொன்னேன். இன்னொரு முறையும் மறுத்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். போனில் வங்கியின் ஆப்பைத் திறந்தேன். ஓட்டலும் புடவையும் போக ஒன்பதாயிரம் ரிங்கிட்தான் மீதி இருந்தது. வளையலுக்குக் கேட்டது ஒன்பதாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம். அறுநூறு ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் துண்டு விழுந்தது.

என் பென்ஷன் கணக்கிலிருந்து மாற்றலாம் என்றால், அதை உறுதிப்படுத்தும் எண் என் மலேசிய சிம்முக்கு வரும். அந்த சிம்மைப் பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு, இங்கே வந்து புது சிம் போட்டிருந்தேன். ஏ.டி.எம் கார்டை வெளிநாட்டில் பயன்படுத்த முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சொல்லி வைக்கவில்லை. பணப்பையில் எண்ணூறு ரூபாய் இருந்தது. மறுநாள் காலையில் விமானம். பன்னிரண்டாம் நாள் கல்யாணம்.

"மெஷின் கோளாறு" என்று அந்தப் பெண்ணிடம் எரிந்து விழுந்தேன். அவள் பொறுமையாக, "இல்லைங்க சார், லிமிட் இல்லைன்னு வருது" என்றாள். அதைக் கொஞ்சம் சத்தமில்லாமல் சொல்லியிருக்கலாம்.

தங்கை என் சட்டைப் பையைக் காட்டி, "அண்ணே, காலையில போட்ட சிலிப்பக் குடுங்க" என்றாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கல்லா ஓரமாக இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். விரலை ஒவ்வொரு வரிக்கும் அடியில் நகர்த்திக்கொண்டே போனாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவளுக்கு ஒரு அவசரமும் இல்லை.

"இதுல ஒரு ரிங்கிட்டுக்குப் பத்தொம்பது ரூபாதான் போட்டிருக்கான்" என்றாள். "பக்கத்து மணி சேஞ்சர் கடை போர்டுல இருபதுன்னு எழுதியிருக்கு."

"ஒரு ரூபா வித்தியாசம்தானே?" என்றேன்.

"ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் ஒரு ரூபா, அண்ணே."

முப்பத்தோரு வருடம் மற்றவர்களுடைய ரசீதுகளைப் பார்த்தவன் நான். கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஏதோ இருக்கிறது, படியுங்கள் என்று என்னிடம் நீட்டினாள். படித்தேன். எந்த நாட்டுக் காசில் செலுத்துவது என்று எனக்கு வாய்ப்புத் தரப்பட்டதாம். நான் ரிங்கிட்டைத் தேர்ந்தெடுத்தேனாம். மாற்று விகிதத்தில் அவர்களுடைய கட்டணமும் சேர்ந்திருக்கிறது என்பதை நான் ஏற்றுக்கொண்டேனாம். அதற்குக் கீழே அழகாக என் கையெழுத்து இருந்தது.

விஷயம் இவ்வளவுதான். ரூபாயில் போட்டிருந்தால் என் கார்டு நிறுவனம் தன்னுடைய விகிதத்தில் மாற்றி, வங்கி தனக்கென்று ஒரு சின்னக் கட்டணம் எடுத்துக்கொண்டிருக்கும். ரிங்கிட் என்று சொன்னதால் கடையின் மிஷின்காரன் தன் இஷ்டத்துக்கு ஒரு விகிதம் வைத்துக்கொண்டான். பெத்தோங் கடைக்காரர் கால்குலேட்டரில் செய்ததைத்தான் இவன் மிஷினில் செய்தான். நான்தான் இரண்டு இடத்திலும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவன்.

தங்கை எழுந்து கல்லாப் பெண்ணிடம் போனாள். "தங்கச்சி, இத ரூபாயில போடுங்கம்மா."

"ஃபாரின் கார்டுன்னா மெஷினே ரிங்கிட்னு எடுத்துக்கும் மேடம்."

"எடுத்துக்காதும்மா. மெஷின் கேட்டுச்சு. அண்ணன் ரிங்கிட்னு சொன்னாங்க, நீங்க அமுக்குனீங்க. நான் பாத்துக்கிட்டுதான இருந்தேன்லா."

அந்த 'லா'வைக் கேட்டு அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "நீங்க சிலோனா மேடம்?"

"மலேசியா. இப்ப ரூபாயில அமுக்குங்க."

அமுக்கினாள். மிஷின் மறுபடியும் மறுத்தது. தொகை குறைந்திருந்தது, ஆனாலும் வங்கியின் கட்டணத்தோடு சேர்த்து ஒன்பதாயிரத்து இருநூற்றெண்பது ரிங்கிட் வேண்டும். இன்னும் முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவாகத் தேவைப்பட்டது.

கடைக்காரர்கள் நல்லவர்கள்தான். மேற்பார்வையாளர் ஒருவர் வந்து, ஒன்றே முக்கால் பவுனில் இதே மாதிரி ஒரு ஜோடி இருக்கிறது, பார்க்கிறீர்களா என்று கேட்டார். எடுத்துக் காட்டவும் செய்தார். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தது. அந்த நிமிடத்தில் எனக்கு யார் மேல் கோபம் வந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"எல்லாம் உன்னாலதான்" என்று தங்கையிடம் கத்தினேன். "காலையில அந்தக் கடையில உக்காந்து ஒண்ணு ஒண்ணா எடுத்துக்கிட்டே இருந்தியே. பெரியம்மாவுக்கு ஒண்ணு, சின்னம்மாவுக்கு ஒண்ணு. அப்பவே நிறுத்தியிருந்தா எனக்கு இந்த மானக்கேடு உண்டா?"

பேரங்காடியிலும் தொழிற்சாலையிலும் கால் கடுக்க நின்று மகளை வளர்த்தவள். தனக்கென்று ஒரு நூல்சேலைகூட எடுக்கவில்லை. அவளைப் பார்த்து நாலு பேர் முன்னால் இப்படிக் கேட்டேன். அவளிடம் கையில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்க நாக்கு எழவில்லை. சம்பளக்காரியிடம் என்ன இருந்துவிடப் போகிறது என்றும் நினைத்தேன். அவள் முகம் ஒரு கணம் சிவந்தது. பிறகு கைப்பையை இடுக்கிக்கொண்டு மேற்பார்வையாளரிடம், "அந்தச் சின்னது வேணாம் சார். இந்த ஜோடிய எடுத்து வைங்க. பட்டுக் கடை வரைக்கும் போய்ட்டு வந்துடறோம்" என்றாள்.

எதற்கு என்று வழியில் கேட்டேன்.

"காலையில போட்டத கேன்சல் பண்ணிட்டு ரூபாயில போடுவோம். கடைய மூடி, மெஷின்ல அன்னியக் கணக்க முடிக்கிற வரைக்கும் கேன்சல் பண்ணலாம் அண்ணே. ஞாயித்துக்கிழமையில நான் எத்தனை தடவ பண்ணியிருக்கேன்."

வேண்டாம் என்றேன். வாங்கிக்கொண்டு போன கடையில் திரும்பிப் போய் நின்றால் காசில்லாதவர்கள் என்று நினைப்பார்கள். அவள் நடந்துகொண்டே இருந்தாள். கடை வாசலில் வந்ததும் நான் நின்றுவிட்டேன். புடவைப் பைகளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவள் மட்டும் உள்ளே போனாள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். முதலில் கல்லாக்காரர் முடியாது என்று தலையை ஆட்டினார். பிறகு கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து தலையை ஆட்டினார். கடைசியில் மேனேஜர் வந்தார். அவரும் ஆட்ட ஆரம்பித்தார். ஒரு பொம்பளை ஒற்றையாக நிற்கிறாள், நான் என்ன ஆம்பளை என்று தோன்றி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். சண்டை போடுவதற்குத் தயாராகத்தான் போனேன். அவசியமே இருக்கவில்லை.

"வித்த சரக்கத் திருப்பி எடுக்கறதில்ல மேடம், போர்டே வெச்சிருக்கோம்" என்று மேனேஜர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பொடவைய நான் திருப்பிக் குடுக்கல சார்" என்றாள் தங்கை. குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. "அத்தனையும் எனக்கு வேணும். காசையும் ஒரு ரூபா குறைக்காம குடுக்கறோம். உங்களுக்கு வரவேண்டியது அப்படியே வரும். எந்தக் காசுல குடுக்கறதுங்கறத மட்டும் நாங்க சொல்றோம்."

"கேன்சல் பண்ணதுக்கப்புறம் நீங்க போயிட்டா நான் மொதலாளிக்கு என்ன பதில் சொல்றது?"

அவள் புடவைப் பைகளைக் கல்லா மேசைக்கு அந்தப் பக்கம் தள்ளினாள். கைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து அதன்மேல் வைத்தாள். "இதையும் வெச்சுக்குங்க. முடிஞ்சதும் குடுங்க."

மேனேஜர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒரு நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னார். தொழிற்சாலையில் சூப்பர்வைசர்கள் ஏன் இவளிடம் தோற்றுப்போகிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குப் புரிந்தது. இவள் எதிராளியைத் தோற்கடிக்க நினைப்பதில்லை. நியாயமான ஒன்றைச் சொல்லிவிட்டு, அது நடக்கும் வரை அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. எனக்கு அந்தக் கலை கடைசி வரை வரவில்லை. நான் கத்துவேன். கத்தி முடித்ததும் எதிரில் இருப்பவர் கதவைச் சாத்திவிடுவார்.

ரத்துச் செய்தார்கள். என் ஆப்பில் மீதி ஏறுவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அவள் கல்லாவில் இருந்தவரோடு பட்டு எந்த ஊரிலிருந்து வருகிறது என்று பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு மோர் கொடுத்தார்கள். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆப்பைத் திறந்து திறந்து பார்த்தேன். கடைசியில் மீதி ஏறியது. அதே புடவைகள், அதே விலை, இந்த முறை ரூபாயில். பத்தாயிரம் ரிங்கிட் என்று இருந்தது, வங்கிக் கட்டணத்தோடு சேர்த்தும் ஒன்பதாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு ஆனது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இரண்டு முறை படித்தேன்.

நகைக்கடைக்குத் திரும்பியபோது மணி ஐந்தரை. கல்லாப் பெண் எங்களைப் பார்த்ததும் அவளாகவே, "ரூபாயில்தானே மேடம்?" என்று கேட்டாள். அமுக்கினாள். மிஷின் யோசித்தது. பிறகு கிறுகிறுவென்று ரசீதைத் துப்பியது. ஆப்பைத் திறந்து பார்த்தேன். இருபதாயிரத்தில் இருபத்தெட்டு ரிங்கிட் மிச்சம் இருந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நகைக்கடையில் அழுகிற கிழவனை யார் பார்த்தால் என்ன என்று நின்றேன். வெளியே வந்து ஒரு டீக்கடையில் அந்த எண்ணூறு ரூபாயிலிருந்து அவளுக்கு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தேன். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. எங்கள் வீட்டு ஆம்பளைகளுக்கு அந்த வார்த்தை பழக்கமில்லை. இன்னொரு பஜ்ஜி வேணுமா என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, "போதும்ணே, டீ நல்லாருக்கு" என்றாள்.

கல்யாணம் சுங்கைப் பட்டாணியில் நடந்தது. மேடையில் தாய்மாமன் சீர் என்று கூப்பிட்டார்கள். போனேன். வளையலைப் போட்டுவிட்டேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் பக்கத்தில் வந்து அந்தக் கையைப் பிடித்து வளையலை லேசாகத் தூக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு என் தோளில் தட்டி, "சொன்ன மாதிரி செஞ்சிட்டீங்க" என்றார். மருமகள் குனிந்து என் காலைத் தொட்டாள். அன்றைக்கு அந்த மண்டபத்தில் என்னைவிட உயரமான ஆள் யாரும் இல்லை. தங்கை சாப்பாட்டுப் பந்தியில் யாருக்கு ரசம் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் கார்டின் அறிக்கை வந்தது. அலுவலகப் பழக்கத்தில் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரூபாயில் போட்ட இரண்டும் எதிர்பார்த்த தொகைக்கு வந்திருந்தன. ஓட்டலில் ரிங்கிட்டில் போட்டதற்கு மட்டும், மிஷின்காரன் வைத்த மோசமான விகிதம் போதாது என்று, வெளிநாட்டில் நடந்தது என்பதற்காக வங்கியும் தன் பங்குக்கு ஒரு கட்டணம் போட்டிருந்தது. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். இப்போது அலோர் ஸ்டாரில் யார் வெளிநாடு கிளம்பினாலும் என்னிடம் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த நாட்டுக் காசிலேயே போடுங்கள், சிம்மைக் கையோடு கொண்டுபோங்கள் என்று ஆரம்பித்துவிடுவேன். என் மனைவி சமையலறையில் இருந்தபடியே, இதை யார் கண்டுபிடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று குரல் கொடுப்பாள். சொல்வேன்.

கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் கழித்துத் தங்கை புடவைக் காசின் முதல் பகுதியைக் கொடுக்க அலோர் ஸ்டாருக்கு வந்தாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, மேசைமேல் வைத்துவிட்டாள். சாப்பிட்டு முடித்ததும், "அண்ணே, டவுன்ல மணி சேஞ்சர் கடைக்குப் போகணும். கொண்டுபோய் விடறீங்களா?" என்றாள். காரில் கூட்டிக்கொண்டு போனேன். மிச்சம் மீதி இருந்த சில்லறையை மாற்றுவதற்கு என்று நினைத்தேன்.

கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்தாள். உள்ளே ஐந்நூறு ரூபாய்த் தாள்கள், கடையில் வாங்கியபோது போட்ட ரப்பர் பட்டைகூடக் கழற்றாமல் இருந்தன. கடைக்காரர் எண்ணினார். முப்பதாயிரம் ரூபாய்.

"இத எப்ப வாங்குன?" என்று கேட்டேன்.

"திருச்சிக்குப் போறதுக்கு முன்னால. இதே கடையிலதான். ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும்னு ஓட்டி காசுல வாங்கினேன்."

ஓட்டி என்றால் தொழிற்சாலையில் கூடுதல் நேர வேலை.

"அன்னிக்கு நகைக்கடையில இது உன் பையில இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப எடுத்துக் குடுத்திருக்கலாமே பாப்பா. ஆறாயிரம் ரூபாயோட முடிஞ்சிருக்கும். மூணு மணி நேரம் அலைஞ்சியே. நான் வேற அந்தக் கத்து கத்தினேன்."

அவள் கடைக்காரர் நீட்டிய சீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள். "குடுத்திருந்தா அது தாய்மாமன் சீரா இருக்காதுண்ணே. என் காசும் அதுல கலந்திருக்கும். நீங்க மேடையில எப்படிப் போட்டிருப்பீங்க?"

கடைக்காரர் ரிங்கிட்டை எண்ணி வைத்தார். அவள் கொடுத்து வாங்கியதைவிட நூறு ரிங்கிட்டுக்கு மேல் குறைவு. விற்கும்போது ஒரு விலை, திரும்ப வாங்கும்போது ஒரு விலை. நான் அநியாயம் என்று ஆரம்பிக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்து, "பரவால்லண்ணே, வாங்க போவலாம்" என்றாள்.

காரை ஓட்டிக்கொண்டு வரும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நானாக இருந்தால் அன்றைக்கே பையைத் திறந்து அந்த ஆறாயிரத்தைக் கொடுத்திருப்பேன். கொடுத்ததை ஆயுள் முழுக்க அவளிடம் சொல்லிக் காட்டியிருப்பேன்.